சட்டம் புதுசு, மண்டை புதுசா?

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதில் பாதி எதிரணி ஐயாவுக்கே போய்விடும் போலிருக்கிறது, அதனால் வணக்கம் இத்தோடு போதும்.

பழங்கால அடிமை முறையை இன்றைய அறத்தால் எடைபோடலாமா? போட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி. கூடவே கூடாது என்பது அவர்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு குண்டைப் போட்டார். "எங்கள் முப்பாட்டன் ஹெல்மெட் போடாமல் குதிரை ஓட்டினார். இன்றைய சட்டப்படி அவருக்கு அபராதச் சீட்டு எழுதுவீர்களா?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நானும்தான் தட்டினேன். நன்றாக இருந்தால் தட்டத்தானே வேண்டும்?

தட்டி முடித்த பிறகு யோசித்தேன். ஐயா, ஹெல்மெட் சட்டம் புதுசு. சரி. மண்டை புதுசா? சட்டம் வருவதற்கு முன்னால் குதிரையிலிருந்து விழுந்தவனுக்கு ரத்தம் வரவில்லையா? சாட்டை முதுகில் விழுந்தால் வலிக்கும் என்று தெரிந்துகொள்ள யாராவது ஒரு சட்டம் வரட்டும் என்று காத்திருந்தார்களா? இன்னொன்றையும் ஐயா மறந்துவிட்டார். ஹெல்மெட் போடாத முப்பாட்டன் விழுந்தால் உடைவது அவருடைய சொந்த மண்டை. அடிமை வைத்திருந்தவன் உடைத்தது அடுத்தவன் மண்டை! பொதுவாக அடுத்தவன் மண்டையை உடைத்தால் அந்தக் காலத்திலேயே அபராதம் உண்டு ஐயா!

மூன்று பாயிண்ட் எழுதிக்கொண்டு வந்தேன். இந்த ஹெல்மெட் வந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அதைச் சரியென்றுதான் நினைத்தார்கள்" என்றும் சொன்னார். எல்லாரும் என்றால் யார் யார்? அட்லாண்டிக் கடலைத் தாண்டி அடிமைகளாகக் கொண்டுபோக ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். மீதிப் பேர் கடலோடு போனார்கள். இவர்களெல்லாம் அந்தக் காலத்து ஆட்கள் இல்லையா? இவர்களில் ஒருவரிடமாவது சரியா தப்பா என்று கேட்டார்களா? கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறோம் என்று இருந்துவிட்டு, இன்றைக்கு வந்து கோழிக்கும் சம்மதம்தான் என்றால் எப்படி?

அவர்கள் அணித் தலைவர் அரிஸ்டாட்டிலைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று அவர் எழுதியது உண்மைதான். அதற்குச் சற்று முன்னாலேயே, அடிமை முறை இயற்கைக்கு விரோதம், வெறும் சட்டத்தால் வந்த ஏற்பாடு என்று வேறு சிலர் சொல்வதாகவும் அவரே குறித்து வைத்திருக்கிறார். ஆக, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எங்கள் அணிக்கு ஆள் இருந்திருக்கிறது நடுவர் அவர்களே!

அது கிடக்கட்டும். உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் பெஞ்சமின் லே. உயரம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே, முதுகில் கூன். பார்படோஸ் தீவில் கடை வைத்திருந்தபோது அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர். அப்புறம் அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்கு வந்து குகை மாதிரி ஒரு வீட்டில் குடியிருந்தார். அடிமைகள் உழைப்பில் வந்த எதையும் தொடமாட்டார். அவர் சார்ந்தது குவேக்கர் சபை, கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. ஆயுதத்தைத் தொடமாட்டோம் என்பது அந்தச் சபையின் கொள்கை. அடிமையை வைத்துக்கொள்ளமாட்டோம் என்பது அப்போது கொள்கையில் இல்லை.

சபையின் வருடாந்தரக் கூட்டம், நியூ ஜெர்சியில் பர்லிங்டன் என்ற ஊரில். அடிமைகளை வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஆள் நீளமான அங்கியைப் போர்த்திக்கொண்டு வருகிறார். கையில் கனமான ஒரு புத்தகம். வேதப் புத்தகம் என்றுதானே நினைப்பார்கள்? எழுந்து பேசுகிறார். பேசிக்கொண்டே அங்கியை உதறுகிறார். உள்ளே பார்த்தால் ராணுவ உடை, இடுப்பில் வாள்! "சக மனிதரை அடிமையாக்குகிறவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்தவைப்பார்" என்று சொல்லி, புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கி, வாளை ஒரே சொருகு. புத்தகத்திலிருந்து ரத்தம் பீறிடுகிறது!

பயப்படாதீர்கள். புத்தகத்தைக் குடைந்து, உள்ளே ஒரு தோல்பையில் சிவப்புப் பழச்சாற்றை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போமா? பின்வரிசைக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அங்கி... வாள்... புத்தகம்... சதக்! இப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் துடைக்கிறார், கை சிவக்கிறது. சட்டையைத் துடைக்கிறார், சட்டையும் சிவக்கிறது. இது என் ரத்தமா, வேறு யார் ரத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. லே கேட்க வந்ததும் அதுதானே!

நடுவர் சிரிக்கிறார். எனக்கு மார்க் வந்துவிட்டது. வருடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 1738. இந்த மனிதருக்கு "இன்றைய அறம்" தபாலில் வந்ததா ஐயா? அங்கே இருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். புரியாதவர்கள் என்றால் பைத்தியம் என்று சிரித்திருப்பார்கள். புரிந்ததால்தான் தூக்கினார்கள். இருபது வருடம் கழித்து, 1758-ல், அடிமைகளை வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்க அதே சபை முடிவு செய்தது. கிழவர் அதைக் கேட்டு, இனி நிம்மதியாகச் சாவேன் என்றார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

மறுபடியும் ஹெல்மெட். "அந்தக் காலத்துக் கணக்கு அந்தக் காலத்தோடு போகட்டும்" என்றார் ஐயா. எந்தக் கணக்கு? பிரிட்டன் 1833-ல் சட்டம் போட்டுத் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கா? இல்லை, உரிமையாளர்களுக்கு! மண்டை உடைந்தவனுக்குக் காலணா இல்லை, உடைத்தவனுக்கு நஷ்டஈடு! அதற்காக வாங்கிய கடன் 2015-ல்தான் முழுசாகத் தீர்ந்தது. பணக் கணக்கை 2015 வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவார்களாம், பாவக் கணக்கை மட்டும் அன்றைக்கே மூடிவிட வேண்டுமாம்.

மணி அடித்துவிட்டது. ஒரே நிமிடம் ஐயா.

லே பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டார் ஒரு கறுப்பினச் சிறுமியை அடிமையாக வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஆறு வயதுப் பையனை லே ஒருநாள் முழுக்கத் தன் குகையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் பெற்றவர்கள் அலறிக்கொண்டு தேடி வந்தார்கள். "பிள்ளை பத்திரமாக என் வீட்டில்தான் இருக்கிறான். அந்தச் சிறுமியைப் பெற்றவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றாராம்.

அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு பிள்ளைதான், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய ஃபிரெடெரிக் டக்ளஸ். 1845-ல் வந்த தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கைக்குழந்தையாக இருக்கும்போதே மேரிலாந்தில் அவரை அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அம்மாவுக்குப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் வேறொரு பண்ணையில் வயல் வேலை. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டு மைல் நடந்து வருவாள். பிள்ளை பக்கத்தில் படுத்துத் தூங்கவைப்பாள். சூரியன் உதிக்கும்போது வயலில் நிற்காவிட்டால் சாட்டையடி, அதனால் அவன் விழிப்பதற்கு வெகு முன்பே எழுந்து மறுபடி பன்னிரண்டு மைல் நடப்பாள். வாழ்நாளில் அவன் அவளைப் பார்த்தது நாலைந்து தடவை. அம்மாவைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை என்று எழுதுகிறார். அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது அவள் செத்துப்போனாள். அடக்கத்துக்குக்கூட அவனை விடவில்லை.

எதிரணி ஐயா, நீங்கள் நல்லவர், அது எனக்குத் தெரியும். தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு இருட்டில் நடந்து போகிற அந்த அம்மா வழியில் உங்கள் எதிரே வந்தால், "அம்மா, இந்தக் காலத்துக்கு இது சரிதான்" என்று சொல்வீர்களா? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். நடுவர் மறுபடியும் மணியில் கை வைத்துவிட்டார். வருகிறேன், வணக்கம்.