நெல்லு விளையுது, சோறு கிடையாது

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. தலைவர் அய்யா என்னைப் பயண எழுத்தாளர்னு அறிமுகப்படுத்திட்டாரு, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, நான் முப்பத்திமூணு வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவன், ரிட்டயர் ஆனப்புறம் பஞ்சாபுக்கு ரெண்டு தடவை போய்ட்டு வந்தேன், அவ்வளவுதான். வாகா பார்டர்ல காலைத் தூக்கி அடிக்கிறது, பொற்கோயில் முன்னாடி போட்டோ, இதெல்லாம் யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு, அதைச் சொல்லி உங்க ஞாயித்துக்கிழமையைக் கெடுக்க மாட்டேன். நான் தங்கினது ஒரு விவசாயி வீட்டுல, அதைத்தான் பேசப் போறேன்.

மும்பைல பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு சர்தார் இருந்தாரு. நான் அவரை பாஜின்னு கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி ஒரு வார்த்தை. அவரு ரிட்டயர் ஆகி கன்னா பக்கத்துல இருக்கற சொந்த கிராமத்துக்கே போய்ட்டாரு, லூதியானாவுக்குக் கொஞ்சம் கிழக்கால. 2024 அக்டோபர்ல போன் பண்ணி, அறுவடை நடக்குது கிளம்பி வா அப்படின்னாரு. நான் மன்னார்குடி பக்கத்து ஆளு, விருந்தாளியா வெறுங்கையோட போய்ப் பழக்கமில்ல, அதனால எங்க வயல்ல விளைஞ்ச பச்சரிசி அஞ்சு கிலோவைத் துணிப்பையில கட்டி மடியில வச்சுக்கிட்டே ட்ரெயின்ல போனேன்.

கன்னால இறங்கினா, அங்க ஒரு மண்டி இருக்குங்க, ஆசியாவிலேயே பெரிய தானிய மார்க்கெட்னு சொல்லிக்கிறாங்க, அதுக்குள்ள நெல்லு குவிச்சு வச்சிருக்காங்க பாருங்க, குவியல்னு சொல்றதே தப்பு, வரிசையா குன்று, ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, ரோட்டோரம் வரைக்கும் வந்து கிடக்கு. என் மடியில அஞ்சு கிலோ பை! பாஜி அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, மீசைக்குள்ள சிரிச்சாரு, அவ்வளவுதான்.

வீட்டுல அவரோட அம்மா. அங்க வயசான அம்மாவை பேபேன்னு சொல்றாங்க. எண்பத்தி சொச்சம் வயசு, முத்தத்துல கயித்துக் கட்டில்ல உக்காந்திருக்காங்க. என்னைப் பார்த்ததும் ‘ஆவோ புத்தர்’ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, இந்த மூஞ்சில எங்க புத்தரைக் கண்டாங்கன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, பஞ்சாபில புத்தர்னா புள்ளை. பையைப் பிரிச்சு ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்துட்டு, இதை நான் என்ன செய்யட்டும் புத்தர்னு கேட்டாங்க. கிண்டல் இல்ல, நிஜமாவே கேக்கறாங்க. அந்த வீட்டுல சோறு ஆக்கறதில்ல. வயிறு சரியில்லன்னா கிச்சடி, எப்பவாச்சும் விருந்துன்னா புலாவ். மத்தபடி காலைல ரொட்டி, ராத்திரி ரொட்டி. பன்னெண்டு ஏக்கர்ல நெல்லு போடற வீடு அது! நம்ம ஊர்ல நெல்லு போடறவன் வீட்டுல சோறு இல்லன்னா அதுக்குப் பேரு பஞ்சம். அங்க அது சாதாரண செவ்வாக்கிழமை.

இது எப்படி ஆச்சுன்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். பஞ்சாப் இந்தியாவோட மொத்த நிலப்பரப்புல ஒண்ணரை சதவீதம்தான். கோதுமை அவங்க சொந்தப் பயிர், கனக்னு சொல்றாங்க, நம்ம காதுக்கு அது கனகம் மாதிரியே கேக்கும். அதோட மக்காச்சோளம், கடலை, கம்பு, பருத்தி, கரும்பு எல்லாம் இருந்திருக்கு. 65, 66ல நாட்டுல மழை பொய்ச்சு, அமெரிக்காக் கப்பல் கோதுமை கொண்டாந்தாதான் அடுப்பு எரியும்னு ஒரு நிலைமை. அப்ப உணவு மந்திரி யாரு? பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். விஞ்ஞானி யாரு? கும்பகோணத்துல பொறந்த எம். எஸ். சுவாமிநாதன். 1966ல மெக்சிகோவுல இருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்து இறங்குச்சு. அதை நம்பி முதல்ல வயல்ல இறக்கினதுல பஞ்சாப் விவசாயிங்க முன்னாடி நின்னாங்க, லூதியானாவுல 1962லயே ஒரு விவசாயப் பல்கலைக்கழகம் வேற வந்திருந்துச்சு. அப்புறம் நெல்லு. கவர்ன்மென்ட் ஆதரவு விலை போட்டு கோதுமையையும் நெல்லையும் மட்டும் கடைசி மூட்டை வரைக்கும் எடுத்துக்குது, கடலையை யாரு எடுப்பா, அப்ப எவன் கடலை போடுவான்? விளைஞ்ச அரிசி மத்தியத் தொகுப்புக்குப் போய் நாடு பூரா ரேஷன் கடைக்குப் போகுது. இதுல ஒண்ணு சொல்லணும், சுவாமிநாதன் 1968லயே சயின்ஸ் காங்கிரஸ்ல எச்சரிச்சிருக்காரு, மண்ணையும் தண்ணியையும் பார்க்காம இப்படியே போனா விபரீதம் ஆகும்னு. கேட்டவங்க கைதட்டியிருப்பாங்க, நீங்க எனக்குத் தட்டப்போற மாதிரி.

தண்ணி விஷயத்தைப் புத்தகத்துல படிச்சா நமக்கு உறைக்காது. பாஜி வயல்ல ஓரமா ஒரு குழி இருக்கு, செங்கல் கட்டின குழி, உள்ள எட்டிப் பார்த்தா செடி மொளைச்சுக் கிடக்கு. இது என்ன கிணறான்னு கேட்டேன். இல்லையாம், அவங்கப்பா காலத்துல மோட்டார் தரை மேலதான் இருந்துச்சாம், தண்ணி கீழ இறங்க இறங்க மோட்டாரையும் கீழ இறக்கணும்னு இந்தக் குழியைத் தோண்டினாங்களாம். நாலு அடி, அப்புறம் இன்னும் நாலு அடி, அப்புறம் அதுவும் எட்டலைன்னு விட்டுட்டு சப்மெர்சிபிள் போட்டாச்சு. அந்தக் குழிச் சுவத்துல ஒவ்வொரு தடவை ஆழப்படுத்தினதுக்கும் செங்கல் நிறம் வேற வேறயா தெரியுது, மேல கருப்பு, நடுவுல பழுப்பு, அடியில கொஞ்சம் சிவப்பு. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். விவசாயத்துக்குக் கரண்டை 1997லயே இலவசமாக்கினாங்க, அதனால மோட்டார் பாட்டுக்கு ஓடும். நம்ம ஊர்லயும் இதே கதைதான், நான் அங்க போய் என்ன பேச முடியும், வாயை மூடிக்கிட்டேன்.

அதுல இருந்துதான் புகை வருது. டெல்லில நவம்பர் ஆச்சுன்னா மூச்சு முட்டுதுன்னு டிவில கத்தறாங்கல்ல, அதுல ஒரு பங்கு இந்த வைக்கோல் எரிக்கிற புகை. நிலத்தடித் தண்ணியைக் காப்பாத்த 2009ல ஒரு சட்டம் போட்டாங்க, ஜூன் 10க்கு முன்னாடி நாத்து நடக்கூடாதுன்னு. நல்ல எண்ணம்தான். ஆனா நடவு தள்ளிப்போனா அறுப்பும் தள்ளிப்போகுது, நெல்லை அறுத்துட்டு கோதுமை விதைக்க இருபது இருபத்தஞ்சு நாள்தான் கையில இருக்கு, கம்பைன் மெஷின் முழங்கால் உசரத்துக்குக் கட்டையை விட்டுட்டுப் போகுது, அதை என்ன பண்றது, ஒரு தீக்குச்சி. ஏன்யா மாட்டுக்குப் போடலாமேன்னு நீங்க கேப்பீங்க, நானும் நம்ம ஊர் வைக்கோல் போர் ஞாபகத்துல அப்படியே கேட்டேன். அங்க மாட்டுக்குக் கோதுமைத் தாளு, தூடின்னு சொல்றாங்க, அதைக் கூம்பு மாதிரி குவிச்சு மேல மண்ணு பூசி வருஷம் பூரா வச்சிருக்காங்க. நெல்லு வைக்கோல் முரடு, மாடு தொடாதுன்னுட்டாரு. பாஜி எரிக்கல, வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து வைக்கோலோடவே உழுது விதைச்சாரு, ஆனா அதுக்கு டீசல் எவ்வளவு ஆச்சுன்னு ராத்திரி பூரா புலம்பினாரு.

மண்டியில அவரோட மூணு நாள் உக்காந்திருந்தேன். அந்த வருஷம் கோடவுன்ல பழைய அரிசியே கிடக்கு, மில்லுக்காரங்க புதுசு எடுக்கத் தயங்கறாங்க, குவியல் நகரவே இல்ல. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, கையடக்கமா ஒரு மெஷின் வச்சுப் பார்க்கறாங்க. கமிஷன் மண்டிக்காரர் ஒருத்தர், ஆட்தியான்னு பேரு, பாஜிக்கு அவர்கிட்ட அப்பா காலத்துக் கணக்கு, பொண்ணு கல்யாணக் கடனும் அங்கதான், திட்டறதும் அவரைத்தான். ராத்திரி பாஜி தன் நெல்லு மேலயே கம்பளி போத்திப் படுத்துட்டாரு, நான் கட்டில்ல. விடியக்காலம் பீகார்ல இருந்து வந்த பசங்க மூட்டை பிடிக்கறாங்க, 37.5 கிலோ ஒரு மூட்டை, ஒருத்தன் சாக்கு வாயைத் தைக்கிற வேகத்துக்கு எனக்கு எண்ணக்கூட முடியல. அந்த நெல்லை நட்டதும் அவங்க ஊர் ஆளுங்கதான். அவங்கதான் ஓரமா அடுப்பு மூட்டி சோறு வடிச்சாங்க. பஞ்சாப் போய் நான் முதமுதலா சூடா சோறு சாப்பிட்டது அவங்க தட்டுல, உப்பும் பச்சைமிளகாயும் வச்சு.

அமிர்தசரஸ் போகாம இருந்தேன்னு நினைச்சுக்காதீங்க, போனேன். லங்கர்ல, அதாவது கோயில்ல எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடற இடத்துல, பந்தில உக்காந்தேன், ரொட்டி கொண்டாந்தவரு என் முன்னாடி நிக்கறாரு, தட்டுல போடல. நான் தட்டை நீட்டறேன், அவரு நிக்கறாரு, பின்னாடி வரிசை நிக்குது. பக்கத்துல ஒரு கிழவி என் ரெண்டு கையையும் புடிச்சு சேர்த்து நீட்ட வச்சாங்க. ரொட்டியை ரெண்டு கையாலதான் வாங்கணும். சாப்பிட்டதும் சும்மா போகாம பூண்டு உரிக்கிற கூட்டத்துல போய் உக்காந்தேன், ரெண்டு மணி நேரம், ஒருத்தர்கூட என் பேரு என்ன ஊரு என்னன்னு கேக்கல, நம்மாளுங்க இருந்தா அதுக்குள்ள சம்பளம் வரைக்கும் போயிருப்பாங்க. எனக்கு அங்க புடிச்ச விஷயம் குரு நானக் கதை. ஊர் ஊரா சுத்தினவரு கடைசிக் காலத்துல ராவி ஆத்தங்கரையில கர்த்தார்பூர்ல ஏர் ஓட்டி விவசாயம் பண்ணினாரு. உழைச்சுச் சாப்பிடு, பங்கிட்டுச் சாப்பிடுன்னு சொன்னவரு தானும் வயல்ல இறங்கியிருக்காரு.

ஆனா எல்லாத்தையும் புகழ்ந்துட்டுப் போனா அது பேச்சு இல்ல, வியாபாரம். 2011 சென்சஸ் படி பஞ்சாப் ஜனத்தொகையில கிட்டத்தட்ட 32 சதவீதம் பட்டியல் சாதி, இந்தியாவிலேயே அதிக சதவீதம், ஆனா நிலம் பெரும்பாலும் ஜாட்னு சொல்ற விவசாய சாதிக் குடும்பங்க கையில. பாஜி கிராமத்துல ரெண்டு குருத்வாரா, சீக்கியர் கோயில். ஏன் ரெண்டுன்னு கேட்டேன். ஊரு பெருசாயிடுச்சுன்னாரு. ஊரு ஒண்ணும் பெருசில்ல. சுடுகாடும் ரெண்டு இருந்துச்சு, அதை நான் கேக்கல. ஊர்ப் பொது நிலத்துல மூணுல ஒரு பங்கைப் பட்டியல் சாதிக்காரங்களுக்குத்தான் குத்தகைக்கு விடணும்னு சட்டமே இருக்கு, அது கைக்கு வர சங்ரூர் பக்கம் பெரிய போராட்டமே நடத்த வேண்டியிருந்துச்சு. ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடற ஊர்லதான் இதுவும்.

சரி, நேரம் ஆகுது, சீட்டு வந்துடுச்சு. ரெண்டாவது தடவை போனது 2025 ஜனவரி, லோடி பண்டிகைக்கு. 13ஆம் தேதி, நமக்குப் போகி, அவங்களுக்கும் ராத்திரி நெருப்பு. கடலை, எள்ளுருண்டை மாதிரி ரேவ்டி, பொரி எல்லாம் நெருப்புல போட்டுச் சுத்தி வர்றாங்க, அந்த வருஷம் குழந்தை பொறந்த வீடு, கல்யாணம் ஆன வீடுன்னா கூட்டம் ஜாஸ்தி. பசங்க துல்லா பட்டி பேரைச் சொல்லிப் பாடிக்கிட்டு வீடு வீடா வர்றாங்க, அக்பர் காலத்துல ராஜாவை எதிர்த்துக்கிட்டு ஏழைப் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச ஆளு, நாலு நூத்தாண்டு ஆகியும் அந்தப் பேருக்குத்தான் கடலை கிடைக்குது.

அன்னிக்கு ராத்திரி பேபே பரண்ல இருந்து ஒரு துணிப்பையை எடுத்தாங்க. என்னோட பை. அக்டோபர்ல நான் கொடுத்த பச்சரிசி, அப்படியே இருக்கு. எங்கயோ ஆலையில இருந்து ஒரு குடம் கரும்புச்சாறு வந்திருந்துச்சு, அதை அடுப்புல ஏத்தி, நுரையை வழிச்சு வழிச்சு எடுத்துட்டு, அதுல அரிசியைப் போட்டாங்க. தண்ணி கிடையாது, பால் கிடையாது, சாறுலயே வேகுது, வீடு பூரா வெல்ல வாசனை. கரண்டியைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல கிண்டினாங்க, என்னைத் தொட விடல. எனக்கு நாக்கு ஊறுது, ஒரு கிண்ணம் குடுங்க பேபேன்னேன். கையைத் தட்டிவிட்டுட்டாங்க. போஹ் மாசத்துல ஆக்கணும், மாக் மாசத்துல சாப்பிடணுமாம், அதாவது இன்னிக்கு ராத்திரி ஆக்கி நாளைக்குக் காலைல, மாதம் பொறந்தப்புறம்.

காலைல ஆறிப்போய் கெட்டியா இருந்துச்சு. மேல தயிரை ஊத்திக் குடுத்தாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது மன்னார்குடியில இருந்து வீட்டம்மா போன், ‘ஏங்க, அங்க பொங்கல் பொங்குச்சா?’ன்னாங்க. நேத்து ராத்திரியே பொங்கிடுச்சு, நம்ம வயல் அரிசிதான், இப்பப் பழைய சோறா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னேன். நல்ல நாளும் அதுவுமா பழைய சோறான்னு ஒரு திட்டு விழுந்துச்சு பாருங்க, பேபே அந்தப் பக்கம் யாரு புத்தர் இவ்வளவு சத்தமான்னு கேட்டாங்க.