கார்டில் 170 என்று போட்டிருக்கிறது, ராஸ்பெர்ரி பையில் ஏன் 43?

அடுத்த கேள்வி கடலூர் முதுநகரிலிருந்து. இறால் குட்டையின் வெப்பநிலையைப் பதிவு செய்ய நண்பர் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினிப் போர்டு வைத்திருக்கிறார். புதுச்சேரியில் வாங்கிய மெமரி கார்டின் அட்டையில் நொடிக்கு 170 எம்பி (மெகாபைட்) என்று இருக்கிறது. சோதித்தால் படிக்கும் வேகம் 43-ஐத் தாண்டவில்லை. போலி கார்டைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்கிறார்.

இதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். பை 4-ன் கார்டு ஸ்லாட் 50 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. தரவுக்கு நான்கு தடங்கள், ஒவ்வொரு க்ளாக் துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போகும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 400 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 50 எம்பி. கட்டளை, பிழைச் சரிபார்ப்பு எல்லாம் போக நாற்பது சொச்சம்தான் கைக்கு வரும். ஆக, உங்கள் கார்டு அந்த ஸ்லாட் தரக்கூடிய முழு வேகத்தில்தான் ஓடுகிறது. பை 3-ல் துடிப்புக்கு ஒரு முறைதான், உச்சமே 25. பை 5-ல் 104.

அப்படியானால் 170 எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட கார்டுகளுக்கான யூஎச்எஸ்-1 என்ற வேகத் தரநிலையின் எல்லையே 104-தான். அதற்கு மேல் போவது கார்டு நிறுவனங்களின் சொந்த உத்தி, அதற்கேற்ற ரீடரில் மட்டும்தான் கிடைக்கும். இதை அட்டையில் பொடி எழுத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், உங்கள் வேலைக்கு இந்த எண்ணே முக்கியம் இல்லை. வெப்பநிலைப் பதிவு என்பது சில பைட்டுகளை அடிக்கடி எழுதுவது. அதற்குக் கார்டில் ஏ1 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 1500 முறை சிறு தரவைப் படிக்கும், 500 முறை எழுதும் என்பது அதன் உத்தரவாதம். ஏ2 இதைவிட வேகம். ஆனால் அந்த வேகத்துக்கு போர்டும் ஒத்துழைக்க வேண்டும், பை 4-ல் அந்த வசதி இல்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

போலியா என்ற சந்தேகம் தீர, கொள்ளளவைச் சோதியுங்கள். போலிக் கார்டுகள் பெரும்பாலும் அங்கேதான் பொய் சொல்லும். லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவி கார்டு நிறைய எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். 64 ஜிபி என்றால் அத்தனையும் சரியாகத் திரும்பி வர வேண்டும்.

நிஜமாகவே வேகம் வேண்டுமென்றால் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) மாட்டுங்கள், பை 4 அதிலிருந்தே பூட் ஆகும். வெப்பநிலைக்கு அது அதிகம். குட்டைக்குக் கேமரா வைக்கும்போது யோசிக்கலாம்.