ரூம் வாடகை இருக்கட்டும், படகுக்கு எவ்வளவு? மாலத்தீவு போற வேலூர்க்காரங்களுக்கு

[காட்சி: வேலூர் கோட்டை அகழி, காலை வெளிச்சம்]

குரல்:
இது நம்ம கோட்டை. சுத்தி அகழி. தண்ணியைத் தாண்டினாத்தான் ஜலகண்டேஸ்வரரைப் பாக்க முடியும். மாலத்தீவும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். என்ன, இங்க அகழியைத் தாண்ட காசு கேக்க மாட்டாங்க.

கல்யாணமாகி ஆறாவது வருஷம் நானும் வீட்டம்மாவும் போனோம். கிளம்பும்போது எங்கம்மா, "நாலு பக்கமும் தண்ணி, நடுவுல போய் இன்னா பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. அதுக்கு எங்கிட்ட இன்னும் பதில் இல்ல. அந்தத் தண்ணியால எவ்வளவு செலவாச்சுன்னு மட்டும் சொல்ல முடியும்.

[காட்சி: வரைபடம், புள்ளி புள்ளியாகத் தீவுகள்]

மொத்தம் சுமார் 1,190 தீவு. ஜனங்க குடியிருக்கிறது ஒரு இருநூறுலதான். ஆளில்லாத தீவை அரசாங்கம் குத்தகைக்கு விடும். ஒரு தீவு, ஒரு ரிசார்ட். 1972ல குரும்பாங்கற முதல் ரிசார்ட் திறந்ததுலேர்ந்து பெரும்பாலும் இப்படித்தான். அதனால நீங்க தங்குற இடத்துக்குப் பக்கத்துத் தெருன்னு ஒண்ணு கிடையாது. டீக்கடை கிடையாது. "சத்துவாச்சாரி வர்றியாப்பா"ன்னு ஆட்டோவை நிறுத்த முடியாது. ரிசார்ட் அனுப்புற வண்டியிலதான் ஏறணும். அதுக்குப் பேர் டிரான்ஸ்ஃபர்.

தலைநகரம் மாலே. அந்த ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துத் தீவுன்னா ஸ்பீட்போட். தூரத்துத் தீவுன்னா சீப்ளேன், தண்ணியிலயே இறங்கி ஏறுற குட்டி விமானம். சீப்ளேனுக்கு ஒரு ஆளுக்குப் போக வர நானூறு, ஐநூறு டாலர்ங்கறது அங்க சர்வசாதாரணம். எங்களுக்கு பேக்கேஜ் போட்டுக் குடுத்தவர் ரூம் வாடகை பாதிதான்னு சொன்னார். பாதிக்குக் காரணம் அந்தத் தீவு அவ்வளவு தள்ளி இருக்குன்னு சொல்லல. நாங்களும் கேக்கல, அது வேற விஷயம்.

அடுத்த அடி அங்க போய் விழுந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இறங்கினோம். சீப்ளேன் பகல்லதான் பறக்கும். பைலட் அலையைக் கண்ணால பாத்துத்தான் தண்ணியில இறக்கணும். மத்தியானம் மூணரைக்கு மேல இறங்கினீங்கன்னா அன்னைக்குத் தீவு போய்ச் சேர்றது சந்தேகம். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஹுல்ஹுமாலேங்கற ஊர்ல ரூம் போட்டோம். ரிசார்ட்லயும் அந்த ராத்திரிக்கு வாடகை ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு எடத்துக்கு வாடகை, ஒரு எடத்துல தூக்கம்.

[காட்சி: தண்ணீர் மேல் மிதக்கும் சீப்ளேன்]

மறுநாள் காலையில தராசு. ஒரு ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. பருப்புப் பொடியும் ஆவக்காயும் சேர்ந்து எங்களை மாட்டிவிட்டுச்சு. ஏறினா, உள்ள பதினஞ்சு பேர் உக்கார்ற அளவுதான். பைலட் வெறுங்காலோட உக்காந்திருக்கார். வீட்டம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சு, "ஏங்க, அவரு செருப்புகூட போடலியே!" அங்க அது வழக்கமாம். முக்கால் மணி நேரம் கை விடல. எனக்கு அது லாபம்தான்.

இப்போ பில். மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருக்கும், கவனிங்க. ஒண்ணு 10% சர்வீஸ் சார்ஜ், இன்னொண்ணு அதுக்கும் சேர்த்து மேல போடுற 17% வரி. 10 டாலர் ஜூஸ், கைக்கு வரும்போது 12 டாலர் 87 சென்ட். இதுபோக ரிசார்ட்ல கிரீன் டாக்ஸ்னு சுற்றுச்சூழல் வரி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். ரெண்டு பேர், நாலு ராத்திரி: 96 டாலர்.

விசாவுக்குக் காசில்ல, இறங்கினதும் பாஸ்போர்ட்ல முத்திரை குத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி 96 மணி நேரத்துக்குள்ள இமுகாங்கற பயணி விவர ஃபார்மை ஆன்லைன்ல போடணும். அதுவும் இலவசம், பணம் கேக்குற வெப்சைட் வந்தா மூடிடுங்க. அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பிக்கலாம்னு மே மாசம் டிக்கெட் போடாதீங்க, அங்க தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சிருக்கும்.

[காட்சி: வெள்ளை மணலில் கால் தடம்]

மணலைப் பத்தி சொல்லியே ஆகணும். கோடையில பாலாத்து மணல்ல வெறுங்காலோட நடந்தவங்களுக்குத் தெரியும், குதிச்சுக் குதிச்சுத்தான் போகணும். மாலத்தீவுல உச்சி வெயில்லயும் கால் சுடல. பாலாத்து மணல் பாறை உடைஞ்சு வந்தது. இது பவளப்பாறைத் தூள், வெள்ளையா இருக்கிறதால வெயிலைத் திருப்பி அனுப்பிடும். அதைத் தூளாக்குறது யாரு? கிளிமீன். பவளத்தைக் கடிச்சு, அரைச்சு, பின்னால மணலா விட்டுட்டுப் போயிடும். இதைச் சொன்ன நிமிஷத்துலேர்ந்து வீட்டம்மா மணல்ல உக்காரல.

கையில காசு கம்மின்னா ரிசார்ட்டை விடுங்க. மாஃபுஷி மாதிரி ஊர் இருக்கிற தீவுல கெஸ்ட்ஹவுஸ் உண்டு. மாலேலேர்ந்து ஸ்பீட்போட்ல முக்கால் மணிக்குள்ள போயிடலாம். மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. ஆனா டீக்கடை உண்டு. திரும்பப் போனா நான் அங்கதான்.

கடைசி நாள் சாயங்காலம் கதவுக்கு அடியில ஒரு சீட்டு. சீப்ளேன் நேரத்தை முந்தின நாள்தான் சொல்வாங்க. "காலை 7.30". மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னாடி. பல ரிசார்ட்ல அதையும் மாத்தி, கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருப்பாங்க. எந்த ஏழரைன்னு போன் போட்டுக் கேட்டேன். தீவு நேரம்தானாம். காசு கட்டின பிரேக்ஃபாஸ்ட்டும் அதே ஏழரைக்குத்தான் ஆரம்பமாம்.

வீட்டம்மா பெட்டியை மூடிக்கிட்டே சொன்னா: "ஏழரைன்னு பாத்ததுமே நெனச்சேன்."