பதினேழு முடிஞ்சு பதினெட்டு நடக்குது

வணக்கம் மக்களே. இங்க கடல் காத்து பலமா அடிக்குது, சத்தம் கொஞ்சம் இரைச்சலாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல நிக்கிறேன். எனக்குப் பின்னால தெரியுதே, அது விக்டோரியா மணிக்கூண்டு. அந்தப் பக்கம் கோர்ன்வாலிஸ் கோட்டை. டூரிஸ்ட் கைட் வேலைக்கு வந்த புதுசுல, இங்கிலீஷ்ல நூற்றாண்டும் தேதியும் சரியாச் சொல்லத் தெரியாம, இந்த இடத்துலதான் என் மானம் கப்பலேறுச்சு.

பிரிட்டிஷ்காரங்களுக்காகப் பினாங்கைப் பிடிச்ச பிரான்சிஸ் லைட் இங்க கொடி ஏத்தினது 1786 ஆகஸ்டு 11. நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'இன் செவன்டீன்த் செஞ்சுரி'ன்னு அளந்து விட்டேன். கூட்டத்துல ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், மெதுவாத்தான், 'எய்டீன்த்'னாரு. நான் விடுவேனா? 'நோ சார், செவன்டீன் எய்ட்டி சிக்ஸ்'னு அழுத்திச் சொன்னேன். மனுஷன் சிரிச்சுட்டுப் பேசாம வந்தாரு. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தா, அவர் சொன்னதுதான் சரி. வெக்கக்கேடு என்னன்னா, தமிழ்லயும் அது பதினெட்டாம் நூற்றாண்டுதான், மலாய்லயும் 'அபாட் கெ-18'தான். மூணு மொழியிலயும் ஒரே கணக்கு, எனக்கு மட்டும் தனிக் கணக்கு.

இதை எப்படி மனசுல நிறுத்தினேன்னா, எங்க பாட்டி வயசு சொல்ற மாதிரி. 'பிள்ளைக்கு ஒண்ணு முடிஞ்சு ரெண்டு நடக்குது'ம்பாங்கல்ல, அதேதான். 1786ல முன்னால நிக்கிற 17, முடிஞ்சுபோன நூறுங்க. நூற்றாண்டுன்னு சொல்றது, நடந்துக்கிட்டு இருக்கிற நூறு. பதினேழு முடிஞ்சு பதினெட்டு நடக்குது. அவ்ளோதான் லா.

இந்த மணிக்கூண்டையே பாருங்க. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதுக்காக, 1897ல சியா சென் இயோக்ங்கிற சீனப் பணக்காரர் கட்ட ஆரம்பிச்சது. வருஷத்துக்கு ஒரு அடின்னு 60 அடி. முடிஞ்சது 1902ல, ராணி அதுக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆக, 19ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு 20ல முடிஞ்ச கூண்டு.

சரி, 1800 எதுல சேரும்? இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. ஜீரோ ஆண்டுன்னு ஒண்ணு கிடையாது, கி.மு. 1 முடிஞ்ச கையோட கி.பி. 1. அதனால முதல் நூறு 1லருந்து 100 வரைக்கும். 1800 இன்னும் 18ஆம் நூற்றாண்டுதான், 1801லதான் 19 பொறக்குது. இங்க இருக்கிற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆரம்பிச்சதாச் சொல்ற வருஷம் 1801. புது நூற்றாண்டோட முதல் வருஷம்! இதை இப்போ கூட்டத்துக்குச் சொல்றப்ப எனக்கே ஒரு கெத்து. இந்தக் கணக்குப்படி 21ஆம் நூற்றாண்டு 2001லதான் ஆரம்பம். 2000த்துக்குப் பட்டாசு விட்ட உலகமே ஒரு வருஷம் அவசரப்பட்டிருக்கு, நான் மட்டுமா.

இன்னொண்ணு, 'இன் செவன்டீன்த் செஞ்சுரி'ன்னேன் பாருங்க, அதுல நம்பரு மட்டும் தப்பில்ல, 'தி'யையும் முழுங்கிட்டேன். 'இன் தி எய்டீன்த் செஞ்சுரி'ன்னு வரணும். வருஷத்தை மட்டும் சொன்னா 'தி' வேணாம், 'இன் செவன்டீன் எய்ட்டி சிக்ஸ்'. தேதியோட சேர்த்தா 'இன்' போயி 'ஆன்' வந்துரும்.

வாயில சொல்றதுக்கு வருவோம். வருஷத்தை ரெண்டு ரெண்டா வெட்டணும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833, எய்டீன் தர்ட்டி த்ரீ. பள்ளிவாசல் எய்டீன் ஓ ஒன், நடுவுல 'ஜீரோ' இல்ல, 'ஓ'. யுனெஸ்கோ நம்ம ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 2008ஐ டூ தவுசண்ட் அண்ட் எய்ட்ம்பாங்க, அமெரிக்கக்காரங்க அந்த 'அண்ட்'டை விட்டுருவாங்க.

நம்ம ஊர்க்காரங்க மெர்டேக்காவை, அதான் மலேசியா சுதந்திர நாளை, 'தர்ட்டி ஒன் ஆகஸ்ட்'ம்போம். தமிழ்ல ஆகஸ்டு முப்பத்தொண்ணு, மலாய்ல தீகா பூலு சாத்து ஓகோஸ், ரெண்டுலயும் வெறும் எண்ணுதானே, அந்தப் பழக்கம். பிரிட்டிஷ்காரங்க வழியில 'தி தர்ட்டி ஃபர்ஸ்ட் ஆஃப் ஆகஸ்ட்'. ஆனா எழுதுறப்ப வெறும் 31, அப்புறம் மாசப் பேரு, அப்புறம் வருஷம். அந்த 'தி'யும் 'ஆஃப்'பும் வாய்க்கு மட்டும், பேப்பருக்கு இல்ல. தயவுசெஞ்சு இங்கிலீஷ் மெயில்ல, மலாய்ல தேதிக்குப் போடுற 'ஹரிபூலான்'ஐச் சுருக்கி '31hb'ன்னு போடாதீங்க. ஹரிபூலான்னா வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும், பாவம், 'ஹெச்பி' பிரிண்டர் விக்கிறோம்னு நெனச்சுக்குவான்.

அதைவிடப் பெரிய கூத்து, எல்லாத்தையும் எண்ணுலயே எழுதுறது. ஒரு அமெரிக்கக் குடும்பம் '5/6'னு மெயில் போட்டாங்க. நமக்கு நாள் முன்னால, மாசம் பின்னால, சரி ஜூன் 5ன்னு குறிச்சு வச்சிட்டேன். அவங்களுக்கு மாசம்தான் முன்னால. மே 6 காலையில படகுத்துறையில நின்னுக்கிட்டு எனக்குப் போன். நான் எங்க இருக்கேன்? தைப்பிங்ல, மச்சான் கல்யாணத்துல, வாழை இலை முன்னால உக்காந்திருக்கேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

யுனெஸ்கோக்காரங்க புண்ணியவானுங்க, 2008ல ஏழாம் மாசம் ஏழாம் தேதியைப் பிடிச்சாங்க. 7/7, எப்படித் திருப்பினாலும் அதேதான். லைட் கொடி ஏத்தின நாளை 11/8ன்னு எழுதிப் பாருங்க, அமெரிக்காக்காரனுக்கு அது நவம்பர் ஆயிரும்.

அந்தா, ஒரு குரூப் குடையோட வருது. நம்ம ஆளுங்கதான்னு நினைக்கிறேன். நான் மாசத்தை எழுத்துல எழுதி அனுப்பின குரூப்பு, நாள் தப்பாம வந்துட்டாங்க. வர்றேன்.