பால் பைத்தான் நிறம் மாறினால்: எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

(திரையில்: கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பால் பைத்தான். கேமரா மெதுவாக அதன் கண்ணை நெருங்குகிறது.)

வணக்கம். பால் பைத்தான் என்பது பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன ஆப்பிரிக்க மலைப்பாம்பு, அந்த 'பால்' பந்துதான். கறுப்பும் பழுப்புமாகப் பளிச்சென்று இருந்த அந்தப் பாம்பு ஒரே வாரத்தில் சாம்பல் பூத்துப் போகிறது. கண் இரண்டும் நீலம் பாய்கின்றன. வயிறு ரோஜா நிறத்துக்கு வருகிறது. முதல் தடவை பார்ப்பவர் பதறத்தான் செய்வார். ஆனால் எனக்குக் கவலை தருபவர்கள் வேறு. வயிற்றில் நிஜமாகவே ரத்தம் கட்டிச் சிவந்து கிடக்கும் பாம்பை, "தோல் உரிக்கப் போகுது, விடு" என்று பத்து நாள் அப்படியே விட்டுவைப்பவர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஓர் உயிர் பிழைக்கும். அதற்காகத்தான் இந்த வீடியோ.

சிங்கப்பூரில் இருந்து பேசுவதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி கிடையாது. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடானாலும் தரைவீடானாலும் அதே சட்டம்தான். விஷமில்லாத பாம்பு என்பதெல்லாம் கணக்கில் வராது. காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் பால் பைத்தான் இருக்கிறது, அதனால் உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டக் கூடாது. ஜோகூர் பாருவிலோ சென்னையிலோ முறையான உரிமம், பதிவு எல்லாம் வைத்து வளர்க்கும் அண்ணன், மச்சான், நண்பர் யாராவது உங்களுக்கு இருப்பார்கள். அவர்களுக்கு இதை அனுப்புங்கள். அப்புறம் நம் வட்டாரப் பாம்புகளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு, கடைசியில் வருகிறேன்.

(திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம். மேல்தோல், நிறமிச் செல்கள், ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

பாம்பின் நிறம் மாறியதாகத் தெரிந்தால் முதல் கேள்வி, எந்த அடுக்கில் மாறியது என்பதுதான். மேலே இருக்கும் பழைய தோலிலா, அதற்கு அடியில் இருக்கும் நிறமிச் செல்களிலா, அதற்கும் கீழே ஓடும் ரத்தத்திலா?

பெரும்பாலும் விஷயம் மேல்தோலில்தான் இருக்கும். பாம்பு சட்டை உரிக்கத் தயாராகும்போது, பழைய தோலுக்குக் கீழே புதுத் தோல் முழுதாக உருவாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரக்கும். ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல, கீழே உள்ள நிறம் மங்கித் தெரிவது அதனால்தான். பாம்புக்கு இமை இல்லை, கண்ணையும் ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கிறது. அந்தச் செதிலும் சட்டையோடு சேர்ந்து உரிய வேண்டும், ஆகவே அதன் அடியிலும் திரவம் சேர்ந்து கண் நீலமாகும். அந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை சரியாக இருக்காது. எரிச்சலாக இருக்கும், இரையையும் மறுக்கலாம். கையில் எடுக்காதீர்கள், பாவம், அதுவே பயந்துபோய் இருக்கிறது.

பிறகு திடீரென்று கண் தெளிந்துவிடும். நிறமும் கொஞ்சம் திரும்பும். "சரியாகிவிட்டது" என்று நினைப்போம். இல்லை, அதற்குச் சில நாள் கழித்துத்தான் சட்டை கழலும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். உரித்த அன்று பாருங்கள், அந்தக் கறுப்பில் ஒரு வானவில் மினுக்கம் இருக்கும். நான் பார்த்ததிலேயே அழகான கறுப்பு அது.

நல்ல சட்டை தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாக வரும். கிழிந்து கிழிந்து வந்தால், திட்டுத் திட்டாகப் பழைய தோல் ஒட்டிக்கொண்டு நின்றால், காற்றில் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் ஒண்டிக்கொள்ளும். வெளியே காய்ந்து கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். நம் பக்கத்தில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதே, அப்புறம் எப்படிப் போதாமல் போகும்? ஏர்கான் அறையில் போகும். தொட்டிக்குள் ஈரமானி ஒன்று வையுங்கள், 60 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கண் மேல் செதில் தங்கிவிட்டால் நகத்தால் பிய்க்காதீர்கள், கண்ணே போய்விடும்.

(திரையில்: ஒரே பாம்பின் படங்கள், குட்டியாகவும் வளர்ந்த பிறகும்.)

அடுத்து நிறமி. இது மெதுவாக நடக்கும். மார்ஃப் என்றால் வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த நிற வகை. பேஸ்டல் மார்ஃப் குட்டியில் பளீர் மஞ்சளாக இருக்கும், வளர வளரப் பழுப்பேறும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பனானா மார்ஃபில் வயதாக வயதாகக் கறுப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குத் தோட்டத்தில், குறைந்தது 62 வயது என்று கணிக்கப்பட்ட ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. அத்தனை நீண்ட ஆயுளில் நிறம் ஒரே மாதிரி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தீக்காயமோ கடியோ ஆறிய இடத்தில் செதில் வெளுத்து முளைப்பதும் உண்டு. மிக அரிதாக, காயமே இல்லாமல் ஒவ்வொரு உரிப்பிலும் வெள்ளை பரவிக்கொண்டே போகும் பாம்புகளும் உண்டு.

நிமிடங்களில் நிறம் மாறும் பாம்பும் இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே. போர்னியோவின் கபுவாஸ் ஆற்றுப் பகுதியில் கண்டெடுத்து 2005இல் விவரிக்கப்பட்ட ஒரு சேற்றுப் பாம்பு, வாளியில் போட்ட சில நிமிடங்களில் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. பால் பைத்தானுக்கு அந்தத் திறமை இல்லை. ஒரே நாளில் அதன் நிறம் சட்டென்று மாறினால், ஒன்று விளக்கு வெளிச்சம் மாறியிருக்கும், இல்லை ஏதோ பிரச்சினை.

(திரையில்: பாம்பின் வயிற்றுப் பக்கம், அண்மைக் காட்சி.)

இப்போது மூன்றாவது அடுக்கு, ரத்தம். கவனமாகக் கேளுங்கள். உரிப்புக்கு முன் வரும் ரோஜா நிறம் வயிறு முழுக்க ஒரே சீராக இருக்கும். முதுகு மங்கும், கண் நீலமாகும், இவை மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வரும். நோயின் சிவப்பு அப்படி வராது. திட்டாக இருக்கும், இல்லாவிட்டால் ஊசி குத்தினாற்போலப் பொட்டுப் பொட்டாக இருக்கும். செதிலின் ஓரம் தூக்கிக்கொள்ளும். கொப்புளம் கட்டும், பழுப்பாகும், நாற்றம் வரும்.

காரணம் பெரும்பாலும் தொட்டியில்தான் இருக்கும். படுக்கை சொதசொதவென்று ஈரமாகவும் அழுக்காகவும் இருந்தால் செதில் அழுகும். காற்றில் ஈரம் வேண்டும், பாம்பு படுக்கும் தரையில் வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு, அதாவது ஹீட் மேட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இருந்தால் இன்னொரு எமன். வயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு பல நேரம் விலகிப் போகாது. சூடான பக்கம் 32 பாகை செல்சியஸுக்கு அருகில் இருந்தால் போதும். இந்தப் புண்களில் தொற்று ஏற்பட்டு ரத்தத்தில் கலந்துவிட்டால் சிவப்புப் பரவும், பாம்பு துவண்டுவிடும். அந்த நிலையில் நாள் கணக்கு பார்க்காதீர்கள். ஊர்வனவுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய் எதையும் தடவிக்கொண்டு போகாதீர்கள், அவருக்குக் காயம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

போகும்போது கடைசியாக உரித்த சட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். கைப்பேசி கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், அந்தத் தாள் இருந்தால் மருத்துவர் சரியாகக் கணிப்பார். மாதம் ஒரு தடவை இப்படி எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

(திரையில்: வீவக புளோக் அருகே ஒரு வடிகால்.)

இனி நம் ஊருக்கு. சிங்கப்பூரில் வடிகால் ஓரம் நாம் பார்க்கும் பெரிய மலைப்பாம்பு, இங்கேயே பிறந்து வளர்ந்த வலைவடிவ மலைப்பாம்பு. அதற்கும் உரிப்புக்கு முன் கண் நீலமாகும், உடல் வெளிறும். குருடும் இல்லை, நோயும் இல்லை. கண் மங்கியிருப்பதால் சீக்கிரம் மிரளும், அதனால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், கம்பால் குத்தாதீர்கள். ஆள் நடமாடும் இடமாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணைக் கூப்பிடுங்கள். யாரோ வளர்த்து விட்டுவிட்ட பால் பைத்தான் கண்ணில் பட்டாலும் அதே எண்தான். வீட்டுக்குக் கொண்டு போகவும் வேண்டாம், புதரில் விடவும் வேண்டாம்.