ஆலைக் கழிவிலிருந்து குடிநீர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆலைக் கழிவுநீரைச் சவ்வில், அதாவது தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய ஏட்டில், வடித்துக் குடிக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு சாரார் கேட்கும்போதே முகம் சுளிப்பார்கள். இன்னொரு சாரார், "அதான் ஆர்.ஓ. இருக்கே, எதைக் கொட்டினாலும் சுத்தமாகத்தானே வரும்" என்பார்கள். முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் வழக்கெல்லாம் இரண்டாவது சாராரோடுதான்.

உங்களில் பலர் வீட்டிலும் ஆர்.ஓ. இருக்கும். அதை மாட்ட வந்தவர் பேனா அளவில் ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி ஓர் எண்ணைக் காட்டியிருப்பார். குழாய்த் தண்ணீரில் சில நூறு, வடித்த தண்ணீரில் சில பத்து. டிடிஎஸ் என்பார்கள், கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு. பார்த்தவுடன் மனசுக்கு நிம்மதி. சரி, அந்தக் கருவி எதை அளக்கிறது? தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு தாராளமாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். உப்பு கரைந்திருந்தால் பாயும், எண் ஏறும். அதே தம்ளரில் நகச்சாயம் அழிக்க உதவும் அசிட்டோனைக் கலந்து பாருங்கள், எண் ஏறவே ஏறாது. மின்னேற்றம் இல்லாத பொருள் எதுவும் அதன் கண்ணில் படாது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

சவ்வின் கதை பழையது. 1748இல் பிரான்சில் நொலே என்ற பாதிரியார், மதுச்சாரம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். வெளியிலிருந்த தண்ணீர் தானாகவே உள்ளே நுழைந்து பை புடைத்துக்கொண்டது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் அதுதான். அதைத் திருப்பிப் போட்டால், அதாவது உப்புள்ள பக்கத்தை நன்றாக அழுத்தினால், நல்ல தண்ணீர் மறுபக்கம் வர வேண்டும். ஆர்.ஓ. என்பது இந்த எதிர்ச் சவ்வூடு பரவல்தான். தத்துவம் சுலபம். தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கிற சவ்வு கிடைத்தாலும், அதில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பவரும் இதை உடைத்தார்கள். விலைக்கு வாங்கிய சவ்வை ஒருபக்கமாகப் பொருத்தினால் வேலை செய்தது, புரட்டிப் பொருத்தினால் கெட்டது. இரண்டு பக்கமும் ஒன்றல்ல! ஒருபக்கம் மிக மெல்லிய அடர்ந்த தோல், அதன் கீழே நுரைத்த தாங்கு பகுதி. அப்படிப்பட்ட சவ்வைத் தாங்களே வார்த்தார்கள். 1965இல் கோலிங்கா என்ற சிறிய ஊர் அவ்வகைச் சவ்வில் உவர்நீரை வடித்துக் குடித்தது. இன்றைய சவ்வின் வேதிப்பொருள் வேறு, ஆனால் அதே அமைப்புத்தான். வேலை செய்கிற அந்தத் தோல் ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். அடைத்துப்போன சவ்வுக் குழாயை அறுத்துப் பார்ப்பது. எங்கள் தொழிலில் இதைப் பிரேதப் பரிசோதனை என்றே சொல்வோம். பெரிய ஆலைகளில் இருப்பது எட்டங்குல விட்டம், நாற்பதங்குல நீளம். உறையை ரம்பத்தால் அறுத்தால், உள்ளே பாய்போலச் சுருட்டிய ஏடுகள். பிரித்து விரித்தால் ஏறத்தாழ 37 சதுர மீட்டர்! முதலில் மூக்கு வேலை செய்யும். அழுகல் வாடை வந்தால் கிருமிப் படலம். அப்புறம் விரல். வழவழப்பா, நறநறப்பா? நறநறத்தால் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்ப்பேன். பொங்கினால் சுண்ணாம்பு. பொங்காவிட்டால் ஜிப்சமோ சிலிக்காவோ. சிலிக்கா என்றால் அந்தச் சவ்வுக்குக் கிட்டத்தட்ட காரியம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையில் முதலில் இருக்கும் குழாயில் சேறும் கிருமியும் சேரும், கடைசிக் குழாயில் உப்புப் படியும், ஏனென்றால் அங்கே போவதற்குள் தண்ணீர் செறிந்துவிடுகிறது.

ஒரு துணி ஆலை. பெயர் வேண்டாம். சவ்வுகள் அடிக்கடி அடைக்கின்றன, எத்தனை முறை கழுவினாலும் தேறவில்லை, சவ்வே மட்டம் என்று விற்றவரோடு தகராறு. அறுத்துப் பார்த்தால் சேறு இல்லை, சுண்ணாம்பு இல்லை, வாடையும் இல்லை. மேலே தண்ணீர் தெளித்தேன். ஏட்டில் பரவாமல் முத்து முத்தாக உருண்டது. சிலிகான்! இது எங்கிருந்து வந்தது? விசாரித்துக்கொண்டே போனால், கழிவுநீரில் காற்றடிக்கும் தொட்டியில் நுரை பொங்கி நடைபாதையில் வழிகிறது என்று, இரவுப் பணியில் இருந்தவர் சிலிகான் கலந்த நுரையடக்கும் மருந்தை வாளிவாளியாக ஊற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நுரை வழிந்தால் காலையில் திட்டு வாங்குவது அவர்தானே. நுரை ஏன் வந்தது? துணி கழுவும் பிரிவில் சோப்பை மாற்றியிருக்கிறார்கள். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவர். சோப்பு மாறிய இடம் ஒன்று, சவ்வு செத்த இடம் வேறொன்று. இந்தக் கதையை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வேன், நண்பர்கள் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் முதல் முறை கேட்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பதாவது கண்ணுக்குத் தெரிகிற வம்பு. அழுத்தம் ஏறும், தண்ணீர் குறையும், ஆள் ஓடிவருவார். தெரியாமல் ஊடுருவிப் போகிறதே, அதுதான் என் கவலை. உப்பையும் உலோகங்களையும் ஆர்.ஓ. சவ்வு நன்றாகவே தடுக்கும். பாக்டீரியாவும் வைரஸும் சரியாக உள்ள சவ்வைத் தாண்டுவது கடினம். ஆனால் உருவத்தில் சிறியதாகவும் மின்னேற்றம் இல்லாததாகவும் உள்ள மூலக்கூறு தண்ணீரோடு தண்ணீராக நழுவிவிடும். அசிட்டோன் அப்படி, மெத்தனால் அப்படி, யூரியாவும் ஓரளவு அப்படி. இப்போது அந்தப் பேனாக் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். சவ்வுக்கு எது தப்புகிறதோ, அதுவே கருவிக்கும் தப்புகிறது. இரண்டு காவலாளிக்கும் ஒரே குருட்டுப் பக்கம்.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி இதை நேரில் பட்டு அறிந்தது. 1970களிலிருந்தே சவ்வைப் பயன்படுத்திச் சுத்திகரித்த நீரை நிலத்துக்குள் செலுத்துகிற ஊர். 2000ஐ ஒட்டி அங்கே என்.டி.எம்.ஏ., டையாக்சேன் என்ற, புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படும் இரண்டு வேதிப்பொருள்கள் சவ்வைத் தாண்டி வருவது தெரிந்தது. அதனால் சவ்வுக்குப் பிறகு புற ஊதா ஒளியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தார்கள். 2013இல் சாக்கடையில் வந்த அசிட்டோன் அந்த அரணையும் மீறியது. மொத்தக் கரிமப் பொருளை அளக்கும் கருவி இருந்ததால்தான் பிடிபட்டது. நல்ல நிலையம், நல்ல ஆட்கள், நல்ல சவ்வு. இருந்தும் எங்கோ ஒருவர் சாக்கடையில் ஊற்றியது கடைசி வரை வந்தது.

நமீபியாவின் விண்டுக் நகரம் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் கலந்து கொடுக்கிறது. உலகில் இதற்கு முன்னோடி. அங்கே ஆர்.ஓ. இல்லை. ஓசோன், கரி, ஆர்.ஓ.வை விடப் பெரிய துளையுள்ள அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வு என்று அடுக்கடுக்கான தடைகள். ஆனால் அவர்கள் செய்த முதல் காரியம், ஆலைக் கழிவை அந்தச் சாக்கடையில் விடாமல் தனி வழியில் திருப்பியதுதான். திரும்பவும் சொல்கிறேன்: வீட்டுக் கழிவு குடிநீராகிறது, ஆலைக் கழிவுக்கு வேறு பாதை.

சிங்கப்பூரும் 1974இல் முயன்று, சவ்வு அன்று கட்டுப்படியாகாததால் மூடிவிட்டு, 2003இல் நியூவாட்டர் என்று கொண்டுவந்தது. அதில் பெரும்பகுதி ஆலைகளுக்கே போகிறது, சிப் தயாரிக்கிறவர்களுக்கு அத்தனை தூய நீர் தேவை. ஒரு பங்குதான் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வரிசை. ஆலையின் நீர் முதலில் அதே ஆலைக்கே திரும்பட்டும், அதனால் மிச்சமாகிற ஆற்று நீரும் ஏரி நீரும் குடிக்க வரட்டும். ஆலைக் கழிவைக் குடிநீராக்கித்தான் தீர வேண்டும் என்றால், ஆலைக்குள்ளேயே சாக்கடைகளைப் பிரியுங்கள். சாயம் ஒரு வழி, கரைப்பான் ஒரு வழி, கழுவிய நீர் ஒரு வழி. எந்த வழியில் என்ன வருகிறது என்று பட்டியல் இருக்க வேண்டும், சோப்பு மாறினால் பட்டியலும் மாற வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சவ்வைத் தாண்டாமல் மிஞ்சும் ரிஜெக்ட் நீரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: நூறு லிட்டர் போனால் எழுபத்தைந்து, எண்பது லிட்டர் நல்லதாக வரும். மீதியில் உப்பு நான்கைந்து மடங்கு செறிந்திருக்கும். கடலோரமில்லாத ஆலை அதைக் காய்ச்சித்தான் வற்றவைக்க வேண்டும். ஆயிரம் லிட்டரைக் கழிவுநீர் ஆர்.ஓ.வில் வடிக்க ஒன்றிரண்டு யூனிட் மின்சாரம் போதும். அதே அளவை வற்றவைக்க நல்ல இயந்திரத்துக்கே இருபது யூனிட் வாக்கில் ஆகும். அதற்குப் பிறகும் கலப்படமான உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும், அதை வாங்க ஆள் கிடைப்பது அபூர்வம். அடுத்த முறை அழைத்தால் அந்த மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.