பழைய வேக லென்சும் புதிய கேமராவின் ஒளிக்கணக்கும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஃபிலிம் காலத்து லென்சை அடாப்டர் வளையம் மூலம் டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படமெடுக்கும் ஆர்வம் நம் மாவட்டத்திலும் பலருக்கு உண்டு. அவர்கள் தேடுவது பெரும்பாலும் எஃப் 1.4, எஃப் 1.2 என்று அகலத் திறக்கும் வேக லென்சுகளைத்தான் (எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் துளை பெரிதாகும்). வாங்கிய பின் வரும் புகாரும் ஏறக்குறைய ஒன்றே: ஒரு படம் வெளிறுகிறது, அடுத்தது இருள்கிறது. லென்சைக் குறை சொல்வதற்கு முன், கேமராவின் மீட்டர் எந்த இடத்தில் இருந்துகொண்டு ஒளியை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் மீட்டர் இருப்பது மேலே, நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பகுதியில். லென்சின் வழியே வரும் ஒளி உள்ளிருக்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஃபோகஸிங் ஸ்கிரீன் என்ற மங்கல் தகட்டில் விழுகிறது. நம் கண்ணும் மீட்டரும் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். ஆட்டோஃபோகஸ் பரவிய பிறகு, ஒளி குறைவாக விடும் ஜூம் லென்சிலும் காட்சி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக இத்தகட்டின் பரப்பை மாற்றி அமைத்தார்கள். அதன் விளைவாக, ஏறத்தாழ எஃப் 2.8-ஐத் தாண்டித் திறக்கும் லென்சின் விளிம்பிலிருந்து சாய்வாக வரும் கதிர்கள் கண்ணுக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே துளை வளையத்தை 2.8-இலிருந்து 1.4-க்குத் திருப்பிப் பாருங்கள்: படத்தைப் பதியும் சென்சாருக்குச் செல்லும் ஒளி நான்கு மடங்காகும், உங்கள் கண்ணுக்கோ பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

அந்தக் கேமராவுக்கென்றே செய்த லென்சாக இருந்தால், மின்முனைகள் வழியே தன் அகலத்தைச் சொல்லிவிடும். கேமராவும் கணக்கைத் திருத்திக்கொள்ளும். பழைய லென்சு வாய் திறக்காது. ஆகவே ஒரு துளையில் சரியாக அளக்கும் மீட்டர் வேறொரு துளையில் தவறலாம், அந்தத் தவறும் கேமராவுக்குக் கேமரா வேறுபடும். நிக்கானின் டி700, டி7000 போன்றவற்றில், 1977-இல் வந்த ஏ.ஐ. (ஆட்டோமேட்டிக் இண்டெக்சிங்) வகை லென்சின் வளையத்தை உணரும் அமைப்பு உண்டு. குவியத் தூரத்தையும் அதிகபட்சத் துளையையும் மெனுவில் பதிந்தால் மீட்டர் இயங்கும். விலை குறைந்த டி3000, டி5000 வரிசைகளில் அந்த லென்சோடு மீட்டரே இயங்காது. பழைய லென்சோடும் மீட்டர் இயங்கும் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி, காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வியூவுக்கு மாறுவதுதான், ஏனென்றால் அப்போது அளவு சென்சாரிலிருந்தே எடுக்கப்படுகிறது.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் எப்போதுமே அப்படித்தான். லென்சு இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற அமைப்பை மெனுவில் இயக்கிவிட்டால் போதும். துளையின் எண் திரையில் தெரியாவிட்டாலும் அளவு தவறாது. டிஜிட்டல் சென்சாரின் நுண்கட்டங்களும் மிகச் சாய்ந்த கதிர்களில் ஒரு பகுதியை இழக்கின்றன. இந்த இழப்பை ஈடுகட்ட, வேக லென்சு முழுதும் திறந்திருக்கையில் சில கேமராக்கள் உணர்திறனை ஓசையின்றி உயர்த்துவதை 2010-இல், கேமராக்களைச் சோதிக்கும் டி.எக்ஸ்.ஓ. ஆய்வகத்தின் அளவீடுகள் காட்டின. வாங்கியவரிடம் சொல்லாமல் செய்தது எனக்கு உவப்பானதாக இல்லை. லென்சின் துளையை அறியாத கேமராவால் இந்த ஈட்டைச் செய்ய முடியாது.

மீட்டர் சரியாக அளந்தாலும், எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே அது முயலும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் இல்மனைட் தாது கலந்த கரிய மணலை ஃபிரேம் முழுவதும் நிரப்பினால், கருமை போய்ச் சாம்பல் பூத்துவிடும். அங்கே ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி எடுங்கள். கன்னியாகுமரிப் பாறைகளில் மோதும் வெண்ணுரைக்கு அதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும்.

அந்த மணலிலேயே, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் அடங்கிய மோனசைட் தாதுவும் கிடக்கிறது. பென்டாக்ஸின் பழைய சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்சின் சில பதிப்புகளின் கண்ணாடியிலும் தோரியம் சேர்க்கப்பட்டிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கண்ணாடி மஞ்சளாகி, குறிப்பாக நீல ஒளியைத் தடுக்கும். நிறத்தைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளை மறைத்துவிடும், இழந்த ஒளியோ திரும்பாது. புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் பெரிதும் தெளியும். அதற்காக வெயிலில் வைப்பவர்கள், லென்சு சூரியனை நேரே நோக்கி எதையும் எரித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக நண்பகல் வெயில். உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100-இல் இருக்க, எஃப் 16-க்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதுமென்றால், ஏழு ஸ்டாப் அகலமான எஃப் 1.4-க்கு 1/12800 நொடி வேண்டும். பல கேமராக்களின் ஷட்டர் 1/4000 அல்லது 1/8000-இல் நின்றுவிடுவதால், மீட்டர் சரியாகச் சொன்னாலும் படம் வெளிறும். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் என்.டி.8 வடிகட்டியை மாட்டினால் 1/1600 போதும். பழைய 50 மி.மீ. லென்சுகளுக்கு 49, 52, 55 மி.மீ. வடிகட்டி விட்டங்களே பரவலாகக் காணப்படுகின்றன; லென்சின் முன்வளையத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.